மூச்சு விட்டுக்கொண்டே எடுத்த படம்

இதயத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்டால் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன். உள்ளே படுத்திருக்கும்போது கெட்டிக்காரத்தனம் காட்டாதீர்கள். எனக்கு அந்த ஸ்கேன் இரண்டு முறை எடுத்தார்கள். முதல் முறை மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், நான் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை பிடிக்கவே வேண்டாம் என்றார்கள், நான் பிடித்தேன். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு அந்த மெஷின் படம் எடுத்துக் கொடுத்ததே பெரிய விஷயம்.

நான் மலேசியாவில், மலாக்கா பக்கத்து மெர்லிமாவில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெயர் லோகேஸ்வரி, ஊருக்கு லோகாக்கா. வீட்டுக்காரர் ஆறுமுகம், தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரே மகள் பவித்ரா மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். எங்கள் குடும்பம் இவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின மாதம் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் கடை மாடியில் இருக்கிறது, கீழே ஹார்ட்வேர் கடை. பாதிப் படியில் நின்று, சாவியைத் தேடுகிறவள் போலப் பையைத் துழாவிக்கொண்டே இளைப்பாறுவேன். தீபாவளி நேரம் தையல்காரிக்கு நோய் வர அனுமதி இல்லை. வெட்டி வைத்த ரவிக்கைத் துண்டுகள் மேசை முழுக்கக் கிடக்கும்போது யார் கிளினிக் போவது? நெஞ்சில் காற்று சேர்ந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் பக்கம் நெஞ்சு அடைத்தாலும் காற்றுதான், முதுகு பிடித்தாலும் காற்றுதான். பக்கத்துக் கடை மலாய்க்கார அக்காவும் அதையேதான் சொன்னார். இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தேன், தைலம் தேய்த்துக்கொண்டேன். தீபாவளி முடிந்தது, காற்று போகவில்லை. செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் காலில் பள்ளமாகத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை பவித்ரா வந்து பார்த்தபோது நான் தலையணைகளை அடுக்கிவைத்துச் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தேன். நேராகப் படுத்தால் மூச்சு முட்டியது.

"என்னம்மா இது, உக்காந்துக்கிட்டே தூங்குறீங்க? எவ்ளோ நாளா லா இப்படி?"

"காத்துடி."

"காத்தும் இல்ல, கீத்தும் இல்ல. வாங்க கிளினிக்குக்கு, இப்பவே."

கிளினிக்கில் நெஞ்சில் ஒயர் ஒட்டி இசிஜி எடுத்த நர்ஸ் மிஸ்ஸி, அந்தத் தாளை ஒருமுறை பார்த்தார், திரும்பவும் பார்த்தார், பிறகு என்னை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். அன்றே ஆம்புலன்சில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே முதலில் உடம்பில் தேங்கியிருந்த நீரை இறக்க ஊசி போட்டார்கள். கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்ததில் கால் வீக்கம் வற்றியது. அதன்பிறகு எக்கோ. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஜெல் தடவிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான், நெஞ்சில் பார்க்கிறார்கள். என் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதியளவுகூடத் தள்ளவில்லை என்று அதில் தெரிந்தது. பிறகு ஆஞ்சியோகிராம். மணிக்கட்டில் மெல்லிய குழாயை விட்டு, இதயம் வரை கொண்டுபோய், சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது. மூன்று குழாயிலும் அடைப்பு.

டாக்டர் ஷாமினி என்று ஒரு தமிழ்ப் பெண். என் மகளைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசுவார், அவசரப்படவே மாட்டார்.

"ஆன்ட்டி, ஒங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஹார்ட் அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு."

"எனக்கா? எப்ப டாக்டர்?"

"ஒங்களுக்கு சுகர் இருக்குல்ல, அதனால வலி பெருசா தெரிஞ்சிருக்காது. இப்ப என்ன பிரச்சனைன்னா, இதயத்தோட முன்பக்கச் சுவரு அசையவே மாட்டேங்குது. அது செத்து வடுவா ஆயிடுச்சா, இல்ல ரத்தம் பத்தாம சும்மா தூங்குதான்னு எக்கோல சரியா தெரியல. தூங்குதுன்னா பைபாஸ் பண்ணலாம். ரத்தம் போச்சுன்னா அது எழுந்து வேலை செய்யும்."

"வடுவா ஆயிருந்தா?"

"அப்ப ஒங்கள அறுத்துப் பிரயோஜனம் இல்ல ஆன்ட்டி. இவ்ளோ வீக்கான இதயத்துல ஆப்பரேஷன் பண்றதே ரிஸ்க். பலன் இல்லாம அந்த ரிஸ்க்க எடுக்க மாட்டோம். மருந்து மட்டும் குடுத்துப் பாத்துக்குவோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் பழைய பட்டுப் புடவையைக் கொண்டுவந்து ரவிக்கையாகத் தைத்துத் தரச் சொல்வார்கள். துணியில் பலம் இருந்தால்தான் நான் கத்தரிக்கோலை எடுப்பேன். இற்றுப்போயிருந்தால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மருந்து மட்டும் என்றால் மடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரரும் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் அவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். டாக்டர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா லோகா, ஆப்பரேஷன் இல்லாமயே மருந்துல பாத்துக்கலாமாம். அந்த ஸ்கேன்ல அப்படி வந்துட்டா போதும். தப்பிச்சோம்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவருடைய அண்ணன் ஏழெட்டு வருடத்துக்கு முன் வயிற்று ஆப்பரேஷனுக்குப் போனவர், உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து ஆப்பரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே இவர் எழுந்து வெளியே போய்விடுவார். லோரியில் கரடுமுரடான தோட்டப் பாதையெல்லாம் ஓட்டுகிற மனிதர், இந்த ஒரு வார்த்தைக்கு நடுங்குவார். போகட்டும், ஸ்கேன் வரைக்குமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஸ்கேன் எங்கள் ஆஸ்பத்திரியில் எடுப்பதில்லை. கோலாலம்பூர் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் காத்திருந்து, ஒருநாள் விடியும் முன்பே அவர் ஓட்ட, எங்கள் காடியில் கிளம்பினோம். வழியில் பசியாற நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டே போனார், நிறுத்தவில்லை. எனக்கு வெறும் வயிறு என்று தானும் சாப்பிடவில்லை.

எம்ஆர்ஐ ஒரு பெரிய காந்தம். உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. நூருல் என்ற மலாய்ப் பெண்தான் அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள். நகை இருக்கிறதா, பல்செட் இருக்கிறதா, முன்பு ஏதாவது ஆப்பரேஷனில் உள்ளே ஏதும் வைத்திருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். உடை மாற்றும்போது பார்த்தால் உள்பாடியின் பட்டையில் ஊசி குத்தியிருக்கிறது. தையல்காரிக்கு ஊசியைக் குத்திக்கொள்ள உடம்புதான் இடம். துழாவத் துழாவ இன்னும் இரண்டு வந்தன. நூருல் அவற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு, "இன்னும் இருக்கா ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டாள். எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. கையில் வைத்திருந்த சோதிக்கும் கருவியைத் தலையிலிருந்து கால் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

தாலியையும் கழற்ற வேண்டியிருந்தது. கல்யாணத்திலிருந்து கழுத்தை விட்டு இறங்காதது. தயங்கிக்கொண்டே அவரிடம் கொடுத்தேன். ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது அவர் சட்டைக் காலருக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"என்னங்க இது?"

"பாக்கெட்டு ஓட்டை. கையில வச்சிருந்தா எங்கயாச்சும் வச்சுட்டு வந்துருவேன். அதான் போட்டுக்கிட்டேன். யாரு பாக்கப் போறா?"

காத்திருப்பு அறையில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஸ்கேனைப் பற்றிச் சொல்கிறேன். குழாய் மாதிரியான மெஷினுக்குள் நம்மைத் தள்ளுகிறார்கள். நெஞ்சின்மேல் கனமான ஒரு பலகை, காதில் ஹெட்போன், கையில் அவசரத்துக்கு அமுக்க ஒரு பந்து. சத்தம் பயங்கரம்தான், ரோட்டைக் கொத்துகிற சத்தம். நடுவில் கை நரம்பு வழியாக கேடோலினியம் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். கையில் குளிர்ச்சி ஏறும், அவ்வளவுதான். நல்ல சதையில் அந்த மருந்து தங்காது, ரத்தத்தோடு வந்து ரத்தத்தோடு போய்விடும். வடு விழுந்த இடத்தில் மட்டும் போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். கொஞ்ச நேரம் காத்திருந்து படம் எடுத்தால் வடு வெள்ளையாக விழும், உயிருள்ள சதை கறுப்பாக விழும். ரொட்டியைத் துண்டு போடுவது போல இதயத்தை மேலிருந்து கீழ்வரை துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடவை மூச்சைப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் மூச்சு விட்டால் இதயமும் மேலும் கீழுமாகப் போகும்.

ஹெட்போனில் நூருலின் குரல் வந்தது. இழுங்கள், விடுங்கள், பிடியுங்கள். "தாஹான்…" என்று அவள் நீட்டிச் சொல்லும்போது நான் பிடிப்பேன். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு அப்படியே நிற்க வேண்டும். நல்ல இதயம் உள்ளவர்களுக்கு அது ஒன்றுமில்லை. எனக்குப் பாதியிலேயே நெஞ்சு அடைத்தது, கண்ணுக்குள் பொறி பறந்தது. முதல் இரண்டு முறை இருமிவிட்டேன். மூன்றாம் முறை ஒரு யோசனை செய்தேன். வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாகத் துளித் துளியாக உறிஞ்சினேன். யாருக்குத் தெரியப் போகிறது? மீதி எல்லாப் படத்துக்கும் அப்படியேதான் செய்தேன். நூருல் "பாகுஸ் ஆன்ட்டி" என்று பாராட்டியதாகக்கூட ஞாபகம்.

அடுத்த வாரம் மலாக்காவில் டாக்டர் ஷாமினி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். இதயம் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து நிழல்களாக விழுந்திருந்தது.

"ஆன்ட்டி, உள்ள திருட்டுத்தனமா மூச்சு விட்டீங்களா?"

"கொஞ்சமாத்தான்."

"நடுவுல ஒங்க துடிப்பும் தாறுமாறா போயிருக்கு. அதுவும் சேர்ந்து கலைச்சிருச்சு. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கணும்."

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. போக வர ஒரு நாள், வீட்டுக்காரருடைய லோரி ஓட்டமும் போச்சு, எல்லாம் வீண்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று வீட்டில் பயிற்சி தொடங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைப் பிடிப்பேன், பவித்ரா கைப்பேசியில் நேரம் பார்ப்பாள். என் வீட்டுக்காரர் எனக்குத் துணையாகத் தானும் பிடிப்பார். கன்னம் உப்பி, முகம் சிவந்து, மீசை துடிக்க உட்கார்ந்திருப்பார். நான் எப்போதோ விட்டிருப்பேன், அவர் இன்னும் பிடித்துக்கொண்டே இருப்பார்.

"அப்பா, ஸ்கேன் ஒங்களுக்கு இல்ல லா!"

சில வாரத்தில் எனக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது. அப்போதுதான் டாக்டர் ஷாமினி போன் அடித்தார். அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு மெஷினில் புது முறை ஒன்று போட்டிருக்கிறார்களாம், அதில் எனக்கு இடம் கேட்டிருக்கிறாராம்.

"இதுல மூச்சு புடிக்கவே வேணாம் ஆன்ட்டி. பழைய முறையில ஒரு படத்துக்குப் பத்துப் பன்னெண்டு துடிப்பு ஆவும், அதுவரைக்கும் நீங்க அசையாம இருக்கணும். இது ஒரே துடிப்புல டக்குன்னு ஒரு படம் எடுத்துரும். ஒரு படத்த மட்டும் பாத்தா மங்கலாத்தான் இருக்கும். அதே எடத்த திரும்பத் திரும்ப எடுத்து, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி, ஒரே நல்ல படமா குடுத்துரும். சீக்கிரமாவும் முடிஞ்சிரும்."

அது எனக்கு நன்றாகவே விளங்கியது. பூப்போட்ட துணியில் இரண்டு துண்டைச் சேர்க்கும்போது பூவோடு பூ பொருந்துகிற மாதிரி நகர்த்தி நகர்த்தி வைத்துத்தான் ஊசி குத்துவோம். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. ஆனால் எல்லாம் விளங்கியும், இவ்வளவு பயிற்சி எடுத்ததை வீணாக்க மனம் வரவில்லை. அவர்கள் வேண்டாம் என்றாலும் நாமாகப் பிடித்தால் படம் இன்னும் தெளிவாகத்தானே வரும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுபடியும் அதே நூருல், அதே ஊசித் தட்டு. மெஷின் தட்டத் தொடங்கியதும் நான் மூச்சை நிறுத்தினேன். முடியாமல் போனபோது ஒரேயடியாக ஆழமாக இழுத்தேன். அடுத்த சத்தத்துக்கு மறுபடி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

"ஆன்ட்டி, மூச்சைப் பிடிக்கிறீங்களா?"

"இல்லையே."

"எனக்கு இங்க தெரியுது ஆன்ட்டி. நீங்க பிடிச்சிட்டுப் பெருசா இழுக்குறப்ப இதயம் ரொம்ப தூரம் போயிடுது. மெஷினால பொருத்த முடியல. பியாசா சாஜா." சாதாரணமாக, எப்போதும் போல விடுங்கள் என்கிறாள்.

எப்போதும் போல மூச்சு விடுவது எப்படி என்று அந்த நிமிடம் எனக்கு மறந்துவிட்டது. யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது விட்டுப் பாருங்கள், தெரியும். இழுத்தால் அதிகமாக இழுத்தோமோ என்று தோன்றுகிறது, விட்டால் சீக்கிரம் விட்டோமோ என்று தோன்றுகிறது. அப்போது என் கடை ஞாபகம் வந்தது. அளவெடுக்க டேப்பைச் சுற்றியதும் எல்லாப் பெண்களும் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "மூச்ச விடுங்கக்கா, நான் ஒங்களுக்கு அளவெடுக்கிறேன், ஒங்க தங்கச்சிக்கு இல்ல" என்று தினமும் திட்டுகிற ஆள் நான். பிடித்துக்கொண்டு கொடுத்த அளவில் தைத்த ரவிக்கை தீபாவளியன்று கொக்கி தெறித்துத் திரும்பி வரும். அதையெல்லாம் நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நூருல் மறுபடி மெஷினை நிறுத்திவிட்டு, சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு சரியாகிவிட்டது. என் மூச்சு என் பாட்டுக்குப் போய் வந்தது, மெஷின் அதன் பாட்டுக்குத் தட்டியது. போன தடவை பட்ட பாட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று வெளியே இழுத்தபோது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன்.

படம் வந்தாயிற்று, இனி முடிவு வர வேண்டும். எல்லாவற்றையும்விட அந்த நாட்கள்தான் கஷ்டம். நான் பயந்தேன். சாவுக்கு மட்டும் என்று சொன்னால் பொய். என் நெஞ்சுக்குள் ஒரு பகுதி எனக்குத் தெரியாமலே செத்து, நான் அதைச் சுமந்துகொண்டு அளவெடுத்து, வெட்டி, தைத்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேனோ என்ற நினைப்பு போகவே இல்லை. உனக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று அந்தப் பெண் எப்படிச் சொல்வாள், அவளுக்கும் பாவம் கஷ்டமாக இருக்குமே என்றெல்லாம் யோசிப்பேன். என்னை அறுக்கட்டும் அறுக்கட்டும் என்று நான் ஏங்கினேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

என் வீட்டுக்காரரோ நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தார். கூட ஓட்டுகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், கடை மாடியிலிருந்த தையல் மெஷினை வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்தார். எனக்கு உப்பில்லாச் சமையல் என்பதால் தானும் அதையே சாப்பிட்டார். செர்காம் பக்கம் ஓட்டம் இருந்தால் கடற்கரையில் நிறுத்தி நல்ல மீனாக வாங்கி வருவார், அதை உப்பில்லாமல் குழம்பு வைத்துத் தின்பது எவ்வளவு பாவம் என்று சொல்லிக்கொண்டே தின்பார். புலாவ் செபாங்கிலிருந்து என் நாத்தனார் ஆரஞ்சுப் பையோடு பஸ் ஏறிப் பார்க்க வந்தார்.

"கவலப்படாத லோகா. தம்பி சொல்லிச்சு. ஆப்பரேஷன் வேணாம்னுதான் வரும், பாத்துக்கிட்டே இரு."

"ம்" என்றேன். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு முடிவுக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

முடிவு சொல்ல அழைத்த நாளில் பவித்ராவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும்தான் போனோம். டாக்டர் ஷாமினி கம்ப்யூட்டரைத் திருப்பினார். இந்தத் தடவை நிழலடிக்கவில்லை. கறுப்பாக ஒரு வளையம், அதன் உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக மெல்லிய கோடு. என் இதயத்தின் ஒரு துண்டு.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு வெளிறிப்போனார். "என்ன டாக்டரம்மா, இவ்ளோ கறுப்பா இருக்கே?"

"கறுப்புதான் அங்கிள் நல்லது. கறுப்பு உயிரோட இருக்கிற சதை. இந்த வெள்ளைதான் வடு." டாக்டர் பேனா முனையால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "முன்சுவரோட கனத்துல கால்வாசிகூட வெள்ளை இல்ல, பாருங்க. அடி நுனியில மட்டும் முழுக்க வடு, அது இனிமே திரும்பாது. ஆனா மத்த சுவரெல்லாம் உயிரோடதான் இருக்கு ஆன்ட்டி. தூங்குது, அவ்ளோதான். சர்ஜன்கிட்ட பேசிட்டேன். பைபாஸ் பண்ணலாம்னு சொல்லிட்டாரு."

நான் அழவில்லை, ஆனால் முகமெல்லாம் சுட்டது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறது என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை நாள். பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கீழே கேன்டீனில் அவரைக் கண்டுபிடித்தேன். எதிரே கோப்பி ஆறிக்கிடந்தது.

"மருந்துலயே பாக்க முடியாதான்னு இன்னொரு தடவ கேப்போமா லோகா?"

இனி மறைக்க முடியாது. உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். உயிருள்ள சதைக்குத்தான் பைபாஸ் செய்வார்கள். செத்துப்போன சதைக்கு ரத்தம் கொடுத்து ஒன்றும் ஆகாது. அதனால்தான் அப்படி இருந்தால் அறுக்க மாட்டோம், மருந்து மட்டும் கொடுப்போம் என்று அந்தப் பெண் அன்றைக்கே சொன்னாள்.

அவருக்குப் புரிய நேரமானது.

"அப்ப, ஆப்பரேஷன் வேணாம்னு சொல்லியிருந்தா?"

"என் இதயம் செத்துப் போச்சுன்னு அர்த்தங்க."

அவர் கண் கலங்கியது. "நான் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன் லோகா. ஒங்கிட்ட சொல்லல. ஆப்பரேஷன் வேணாம்னு வந்துட்டா மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போயி நின்னு அதையே கேட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் இத்தன நாளும் ஒன் இதயம் செத்துப் போவணும்னா கேட்டுக்கிட்டு நின்னேன்?"

"அப்படி இல்லைங்க. நீங்க என்ன நெனச்சு கேட்டீங்கன்னு அம்மனுக்குத் தெரியாதா?"

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்களாச்சும் தூங்கினீங்களே."

அவர் ஆறிப்போன கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காடியை எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்தார்.

ஆப்பரேஷனைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. நெஞ்செலும்பைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயை வைத்துத் தைத்தார்கள். தையல் சுத்தமாக இருந்தது, அதை நான் சொல்லலாம். விழித்த முதல் நாட்கள் வலியும் மயக்கமுமாகப் போயின. இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து எக்கோவில் முன்சுவர் அசைவதைக் காட்டினார்கள். முழுசாக இல்லை. நுனி இன்னும் சும்மாதான் கிடக்கிறது, அது அப்படியேதான் கிடக்கும் என்றார் டாக்டர். இப்போது கடைப் படியைச் சாவி தேடாமல் ஏறுகிறேன்.

ஆனால் ஆப்பரேஷனுக்கு முந்தின நாளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. என்னை வார்டில் சேர்த்துவிட்டார்கள். பவித்ரா என் பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்காரரைக் காலையிலிருந்தே காணவில்லை, போன் அடித்தாலும் எடுக்கவில்லை. பயந்து எங்காவது போய் உட்கார்ந்துவிட்டாரோ என்று எனக்குக் கவலை. ஆப்பரேஷன் அறை வாசலில் அவர் நிற்காமல் போனாலும் குறை சொல்லக் கூடாது என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ ஒருவர் வந்தார். யாரென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மீசையைக் காணோம். மாதம் தவறாமல் சாயம் அடித்து வாரிவிடும் அந்தத் தலையில் ஒரு முடி இல்லை, சந்தனம் பூசியிருந்தது. என் கட்டிலருகே வந்து நின்று, திருநீறு மடித்த தாளை நீட்டினார்.

"என்னங்க இது? நீங்க வேண்டிக்கிட்டதுதான் நடக்கலயே. நாளைக்கு என்னை அறுக்கத்தான போறாங்க. அப்புறம் எதுக்கு மொட்டை?"

அவர் திருநீற்றை விரலில் எடுத்து என் நெற்றியில் பூசினார். வெளியே போகவில்லை, அங்கேயேதான் நின்றார்.

"நான் கேட்டத குடுக்காம விட்டாளே லோகா," என்றார். "அதுக்குத்தான்."